ஓட்டுச் சீட்டில் நாமே பெயர் எழுதலாமா?

கேள்வி: எங்களுடையது திண்டிவனத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். ஊராட்சித் தலைவராக வரவேண்டும் என்று நாங்கள் நினைத்தவர் போன தேர்தலில் நிற்கவேயில்லை. அமெரிக்காவில் இருக்கும் என் தம்பி, “இங்கெல்லாம் பிடித்தவர் பெயரை நாமே சீட்டில் எழுதிப் போடலாம் அக்கா” என்கிறான். நம் ஊரிலும் அப்படி எழுதினால் செல்லுமா?
- ஒரு வாசகி, விழுப்புரம் மாவட்டம்

பதில்: செல்லாது அம்மா. அவருக்கு ஓட்டும் சேராது, உங்கள் ஓட்டும் வீணாகிவிடும்.

தம்பி சொல்வது அவர் இருக்கும் நாட்டுக்குச் சரிதான். 2010-இல் அலாஸ்காவில் லிசா மர்கவ்ஸ்கி தன் கட்சியின் வேட்பாளர் தேர்விலேயே தோற்றார். சீட்டில் அவர் பெயர் அச்சாகவில்லை. மக்கள் கையால் எழுதியே அவரை மறுபடியும் செனட்டுக்கு அனுப்பினார்கள். எழுத்துப் பிழையோடு எழுதிய சீட்டுகளை எண்ணக்கூடாது என்று எதிர் வேட்பாளர் நீதிமன்றம் போனார்; அந்தச் சீட்டுகளைக் கழித்தும் மர்கவ்ஸ்கியே முன்னால் இருந்தார். ஆனால் அங்கும் பல மாநிலங்களில் முன்கூட்டியே பதிவு செய்தவருக்குத்தான் அப்படி எழுதும் ஓட்டு கணக்கில் வரும். ஹவாயில் அந்த வழியே இல்லை.

உங்கள் மாவட்டத்தில் 2021 அக்டோபர் 6, 9 தேதிகளில் நடந்த ஊரக உள்ளாட்சித் தேர்தலை நினைத்துப் பாருங்கள். தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள், வார்டு உறுப்பினருக்குத் தனிச் சீட்டு. சின்னத்தின் மேல் முத்திரை குத்துவதோடு நம் வேலை முடிந்தது. போட்டவர் யாரென்று காட்டிக்கொடுக்கும் எழுத்தோ குறியோ இருந்தால் அது செல்லாத ஓட்டு. இந்த விதி தேவை என்பதே என் உறுதியான கருத்து. சில நூறு ஓட்டுள்ள வார்டில் கையெழுத்தைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவார்கள். பிறகு அந்த வீட்டுக்கு வரும் நெருக்கடியை யார் தாங்குவது?

சட்டமன்ற, நாடாளுமன்றத் தேர்தல்களில் இயந்திரம்; எழுத இடமே கிடையாது. 2024 விக்கிரவாண்டி இடைத்தேர்தலில் 29 பேர் நின்றதால் இரண்டு இயந்திரங்கள் வைத்தார்கள். கடைசிப் பொத்தான் நோட்டா, 2013 உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் வந்தது. அதற்கு எத்தனை ஓட்டு விழுந்தாலும் வேட்பாளர்களில் முதலில் வருபவரே வென்றவர். 2021 ஊராட்சித் தேர்தலில் அந்த நோட்டாவும் இல்லை.

ஆகவே உங்கள் வேலை ஓட்டுப்பதிவு நாளுக்கு முன்பே இருக்கிறது. ஊராட்சித் தலைவர் பதவிக்குக் கட்சி வேண்டாம், கட்சிச் சின்னமும் கிடையாது. 2021-இல் தலைவர் பதவிக்கு டெபாசிட் 600 ரூபாய், பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 300. வார்டு உறுப்பினருக்கு 200 ரூபாய்தான். தேர்தல் அறிவிப்பு வந்ததும், அந்தப் பதவி பெண்களுக்கோ பட்டியல் இனத்தவருக்கோ ஒதுக்கப்பட்டிருக்கிறதா என்று ஒன்றிய அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். அவர் நிற்கலாம் என்றால், நாலு பேராக அவர் வீட்டுக்குப் போய் நிற்கச் சொல்லுங்கள். தயங்கினால் மறுபடியும் போங்கள். மனுத்தாக்கல் முடிந்துவிட்டால் அதற்குப் பிறகு யார் பெயரையும் சேர்க்க முடியாது.