சாங்ஷன் வேறு, பட்டுவாடா வேறு
(நர்சிங் படிப்புக்கான கல்விக் கடன் – ஒரு விளக்கம்)



ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்து வீடுகளில் இது சகஜம். பையன் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படிப்பான். அக்காவோ தங்கையோ நர்சிங் படிப்பாள். அப்பா ஏதாவது ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை பார்ப்பார். நர்சிங்குக்கு பேங்க் லோன் போடுவார்கள். "லோன் சாங்ஷன் ஆயிடுச்சு" என்றதும் வீடே நிம்மதி அடையும். ஆனால் அது பணம் வந்த செய்தி அல்ல, பணம் தருவதாக வங்கி ஒப்புக்கொண்ட செய்தி மட்டுமே. இந்த வித்தியாசம் தெரியாமல், கடைசி நேரத்தில் நகையை அடகு வைத்தும் கந்து வட்டிக்கு வாங்கியும் ஃபீஸ் கட்டுகிற குடும்பங்கள் உண்டு. ஆகவே பட்டுவாடா எப்படி நடக்கிறது என்பதைப் பார்ப்போம்.

1. எந்தத் திட்டம்?

இந்திய வங்கிகள் சங்கம் 2001-இல் வகுத்த மாதிரிக் கல்விக் கடன் திட்டம்தான் அடிப்படை. அதைப் பிறகு பலமுறை திருத்தியிருக்கிறார்கள். +2 முடித்து, தகுதி அடிப்படையில் இடம் பெற்றவர்களுக்கானது இது. 3 ஆண்டு ஜி.என்.எம். டிப்ளமோ, 4 ஆண்டு பி.எஸ்ஸி. நர்சிங் இரண்டுமே இதில் அடங்கும். 4 லட்சம் வரை நம் கைப்பணம் எதுவும் போட வேண்டாம். அதற்கு மேல் போனால், உள்நாட்டுப் படிப்புக்கு 5 சதவீதம் நம் பங்கு. 7½ லட்சம் வரை சொத்து ஜாமீன் இல்லை. பெற்றோர் இணைக் கடன்தாரராகக் கையெழுத்துப் போட வேண்டும்.

சேரும் முன்பே ஒன்றைப் பார்த்துவிட வேண்டும். கல்லூரிக்கு நர்சிங் கவுன்சில் அங்கீகாரமும், பி.எஸ்ஸி. என்றால் பல்கலைக்கழக இணைப்பும் இருக்கிறதா? ஏஜென்ட் வாய்ப்பேச்சை நம்பி வெளி மாநிலத்தில் சேர்ந்துவிட்டு, அப்புறம் பேங்கில் போய் நின்றால் பதில் கிடைக்காது.

2. பணம் எப்படி வருகிறது?

மொத்தத் தொகையை ஒரே நாளில் தர மாட்டார்கள். கல்லூரி எப்போது ஃபீஸ் கேட்கிறதோ, அப்போது அந்த ஆண்டுக்கோ செமஸ்டருக்கோ உரியதை மட்டும், நேராகக் கல்லூரிக் கணக்குக்கே அனுப்புவார்கள். புத்தகம், சீருடை, உபகரணம் வாங்கும் தொகைக்கு ரசீது கேட்பார்கள்.

இரண்டாம் ஆண்டுப் பணம் தானாக வராது. பொதுவாக வங்கி கேட்பவை:

– கல்லூரி தரும் ஃபீஸ் டிமாண்ட் லெட்டர்
– போனஃபைடு சான்றிதழ்
– முந்தைய ஆண்டு மதிப்பெண் பட்டியல்
– முன்பு கட்டிய ஃபீஸ் ரசீது

தேர்வு முடிவு தாமதமானால் பட்டுவாடாவும் தாமதமாகலாம். எனவே ஃபீஸ் கடைசித் தேதிக்கு ஒரு மாதம் முன்பே கிளைக்குப் போக வேண்டும். கைக்காசு போட்டுக் கட்ட நேர்ந்தால், ரசீதின் பேரில் திருப்பித் தருவார்களா என்று மேலாளரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

விண்ணப்பத்தை மறுப்பதானால், மேலதிகாரியின் ஒப்புதலோடு காரணம் சொல்லித்தான் மறுக்க வேண்டும் என்பது வங்கிகளுக்கான வழிகாட்டுதல். "அப்புறம் வா" என்பது பதில் ஆகாது. எழுத்தில் கேளுங்கள்.

3. ஒரு சின்னக் கணக்கு

ஆண்டுக்கு 60,000 வீதம் 3 ஆண்டுக்கு 1,80,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வட்டி 10 சதவீதம் என்பது கணக்குக்காக மட்டும். படிப்புக் காலமும் அதற்குப் பிறகு 1 ஆண்டும் தவணை இல்லை. ஆனால் தனி வட்டி ஓடிக்கொண்டிருக்கும்.

முதல் 60,000-க்கு 4 ஆண்டு வட்டி: 24,000
இரண்டாவது 60,000-க்கு 3 ஆண்டு: 18,000
மூன்றாவது 60,000-க்கு 2 ஆண்டு: 12,000
மொத்த வட்டி: 54,000

முழுப் பணமும் முதல் நாளே வந்திருந்தால் வட்டி 72,000 ஆகியிருக்கும். ஆகப் பிரித்துத் தருவதில் நமக்கு 18,000 லாபம். அலைச்சலுக்கு இதுதான் கூலி!

தவணை தொடங்கும்போது அந்த 54,000-மும் அசலோடு சேரும். 2,34,000-க்கு 5 ஆண்டுத் தவணை என்றால் மாதம் சுமார் 4,970 ரூபாய். வட்டியை அப்போதைக்கப்போதே கட்டி வந்திருந்தால் (முதல் ஆண்டில் மாதம் 500 ரூபாய்தான்!) தவணை சுமார் 3,825 ஆகக் குறையும்.

4. வட்டி மானியம்

குடும்ப ஆண்டு வருமானம் 4½ லட்சத்துக்குள் இருந்தால், தவணை இல்லாத அந்தக் காலத்தின் வட்டியை மத்திய அரசே ஏற்கும் திட்டம் 2009-10 முதல் இருக்கிறது. 2018-இல் கல்லூரிக்கு நாக் அல்லது என்.பி.ஏ. தரச்சான்று வேண்டும் என்று விதி வந்தது. அவற்றின் வரம்புக்குள் வராத படிப்புக்கு அந்தந்தக் கவுன்சிலின் அங்கீகாரம் வேண்டும். நர்சிங்குக்கு நர்சிங் கவுன்சில். வருமானச் சான்றிதழை வங்கியில் கொடுத்து, "மானியத்துக்குப் பதிவு செய்தீர்களா?" என்று கேட்டு உறுதி செய்ய வேண்டும். உடல்நலக் காரணம் இல்லாமல் பாதியில் படிப்பை விட்டால் மானியம் கிடையாது.

5. நமக்கு என்ன?

பத்தாவது முடித்து பாலிடெக்னிக் வந்தவர்களுக்கு மேற்சொன்ன திட்டம் பொருந்தாது. நமக்கென்று 2015-இல் திறன் கடன் திட்டம் வந்தது. ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் படிப்புகள் அதில் உண்டு. முதலில் 1½ லட்சமாக இருந்த உச்சவரம்பு 2024-இல் 7½ லட்சமானது.

6. தவணை நின்றால்?

நம் ஊருக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. 2006-இல் உற்பத்தி தொடங்கிய நோக்கியா ஆலை, 2014 நவம்பர் 1 அன்று உற்பத்தியை நிறுத்தியது. ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். கம்பெனி வேலையை நம்பிக் கையெழுத்துப் போட்ட அப்பாவுக்கு அப்படி ஒரு நாள் வந்தாலும் கடன் நிற்காது. தவணை தவறினால் சிபில் பதிவு மாணவிக்கும் கெடும், பெற்றோருக்கும் கெடும். வேலையில்லாத காலத்தில் தவணையை ஒத்திப்போட மாதிரித் திட்டத்திலேயே வழி உண்டு. ஆனால் தவணை தவறும் முன்பே கிளைக்குப் போய் எழுதிக் கொடுக்க வேண்டும். நோட்டீஸ் வந்த பிறகு ஒளிந்துகொள்வதில் பயனில்லை.

தோழர்களே! ஒரு ஃபைல் போடுங்கள். சாங்ஷன் கடிதம், ஒவ்வொரு ஃபீஸ் ரசீது, வருமானச் சான்று, வங்கிக்குக் கொடுத்த கடிதங்களின் நகல் எல்லாம் அதில் இருக்கட்டும். ஹாஸ்டலில் இருக்கும் அக்காவால் வாராவாரம் பேங்குக்கு வர முடியாது. ஷிப்ட் முடிந்து வரும் அப்பாவுக்கு பேங்க் நேரம் கிடைக்காது. வீட்டில் ஃபாரம் நிரப்பத் தெரிந்த ஆள் நாம்தான். அந்த வேலையை நாம் எடுத்துக்கொள்வோம்!