மூளை நொதியும் அதனைக் காட்டும் எதிர்ப்பொருளும்

நரம்பிழைகளின்மேல் மயலின் என்னும் கொழுப்புறை போர்த்திருக்கின்றது. அவ்வுறையிலுள்ள கொழுப்புக்களுள் ஒன்று சல்படைடு. பழையன கழிதல் உடலின் இயல்பாதலின், கழிந்த சல்படைடைச் சிதைத்தற்கு அரைல்சல்படேஸ் ஏ என்னும் நொதி வேண்டப்படுகின்றது. (என்சைம் என்பதன் பகுதியாகிய 'சூமே' கிரேக்க மொழியிற் புளித்தமாவைக் குறிக்கும். சுவிசேஷத்துப் புளித்தமா உவமையில் வருஞ் சொல்லும் அதுவே. ஆதலின் நொதி என்னும் நம் ஆக்கம் மிகப் பொருத்தமென்றே கருதுகின்றோம்.)

இந்நொதி தொழிற்படாத குழவி முதலில் ஏனைக் குழவிகளைப் போலவே தவழும், நிற்கும், நடக்கவுங் கற்கும். பெரும்பாலும் இரண்டாம் ஆண்டையொட்டி அந்நடை தளரும். பின்னர்ப் பேச்சும் போகும். மெட்டாகுரோமேட்டிக் லூக்கோடிஸ்ட்ரோபி என்பது இந்நோயின் பெயர். எம்.எல்.டி. எனச் சுருக்கி வழங்குவர்.

இதன் ஆராய்ச்சியில் நம் நாட்டு மிஷன் கல்லூரி ஒன்றுக்கும் பங்குண்டென்பதை மாணவருட் பலர் அறியார். ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து சில மணி நேரப் பயணத்தில் உள்ள வேலூரில், கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில், டாக்டர் ஜேக்கப் சாண்டி 1949இல் நரம்பியல் துறையைத் தொடங்கினார். பின்னர் அங்கே நரம்புவேதியியல் ஆராய்ச்சியை வளர்த்தவர் பிமல் குமார் பச்சாவத். அவரும் ஏ. எஸ். பாலசுப்பிரமணியன் முதலியோரும் அமெரிக்க மருத்துவர் ஜேம்ஸ் ஆஸ்டினோடு கூடி, இத்தகைய கொழுப்பு நோய்கள் மூன்றில் நொதிகளின் நிலையை ஒப்பிட்டு 1963இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். எம்.எல்.டி.யில் அரைல்சல்படேஸ் ஏ குறைவுபடுதல் அப்பத்தாண்டிலேயே தெளிவாயிற்று.

நொதியின் தொழிலை அளத்தல் எளிது. நைட்ரோகேட்டகால் சல்பேட்டு என்னும் பொருளை அதனோடு கலந்து வைத்துப் பின்னர்க் காரஞ் சேர்த்தால் செந்நிறந் தோன்றும். நிறத்தின் மிகுதியே தொழிலின் மிகுதி. நோயாளரிடம் அந்நிறம் தோன்றுவதில்லை, அன்றி மிகக் குறைவாகவே தோன்றும். அங்ஙனமாயின் நொதி உண்டாகவேயில்லையா, உண்டாகியும் முடங்கிக் கிடக்கின்றதா? களத்தில் நெல் அடிபடாமற் கிடப்பின், ஆள் வரவில்லையோ, வந்த ஆளுக்குக் கை வழங்கவில்லையோ என்று வினவுவதைப் போன்றது இவ்வினா. நிறச்சோதனை இதற்கு விடை கூறாது.

இங்கேதான் எதிர்ப்பொருள் உதவுகின்றது. தூய்மை செய்த மனித நொதியை முயல் போன்ற விலங்கிற்கு ஊசியால் ஏற்றினால், அதன் உடல் அவ்வயற்புரதத்தைப் பற்றும் எதிர்ப்பொருளைச் சில வாரங்களில் ஆக்கிக்கொள்ளும். அக்குருதிநீரையும் திசுச்சாற்றையும் கூழ்த்தகட்டில் எதிரெதிரே இட்டால், இரண்டுங் கலக்குமிடத்து வெண்கோடு ஒன்று படியும். எதிர்ப்பொருள் அறிவது நொதியின் வடிவை, தொழிலை அன்று. ஆஸ்டின் குழுவினர் 1971இல் இத்தகைய எதிர்ப்பொருளைக் கொண்டு ஆராய்ந்தபொழுது, தொழிலிழந்த நோயாளரிடத்தும் அப்புரதம் இருத்தலைக் கண்டனர். ஆள் வந்திருந்தான், கைதான் வழங்கவில்லை.

1975இல் கோலரும் மில்ஸ்டீனும் ஒரே தன்மைய எதிர்ப்பொருளை வேண்டுமளவு ஆக்கும் முறையைக் கண்டனர். 1984இல் நோபெல் பரிசும் பெற்றனர்.

எனினும் எதிர்ப்பொருளை மட்டும் நம்பி நோயைத் துணிதல் ஆகாது. நொதியின் தொழில் குன்றியும் நலமாய் வாழ்வாரும் உளர். ஆதலின் சிறுநீரிற் சல்படைடு மிகுந்துளதா எனவும் மருத்துவர் பார்ப்பர். காலந் தாழ்த்தலும் ஆகாது. ஐரோப்பாவில் 2020இலும் அமெரிக்காவில் 2024இலும் ஒப்புதல் பெற்ற மரபணுச் சிகிச்சை, குறிகள் தோன்றுமுன் அளிக்கப்படின் மிகுந்த பயன் தரும். அதன் விலையோ நம்மனோர்க்கு எட்டாதது. தாய் தந்தை இருவரும் குறையுள்ள மரபணுவைத் தாங்கின், ஒவ்வொரு மகவுக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. மாமன் மகளையும் அக்காள் மகளையும் மணக்கும் வழக்கமுடைய தமிழ்க் குடும்பங்களில், நோயுற்ற பிள்ளை ஒன்று முன்னர்ப் பிறந்திருப்பின், அடுத்த கருவை மருத்துவர் சோதித்துச் சொல்லல் இன்று இயலும்.