வண்டி கேஸும் வெரிஃபிகேஷன் படிவமும்

பெருமுக்கல், மரக்காணம் பக்கம் படித்து முடித்தவர்கள் குறிவைக்கும் இடங்களில் ஒன்று, ஈசிஆரில் வடக்கே இருக்கும் கல்பாக்கம். அணுமின் நிலையத்தில் நிரந்தரப் பணியானாலும் கான்ட்ராக்டரிடம் வெல்டர் வேலையானாலும் போலீஸ் வெரிஃபிகேஷன் உண்டு. பெரிய குற்றம் எதுவும் செய்யவில்லையே என்று நம் பிள்ளைகள் தைரியமாக இருக்கிறார்கள். அவர்கள் மறந்துவிடுவது பைக் கேஸை.

மத்திய அரசுப் பணிக்கான அட்டஸ்டேஷன் படிவம் சிறைக்குப் போனீர்களா என்பதோடு நிற்பதில்லை. எப்போதாவது கைதானதுண்டா, வழக்கு தொடரப்பட்டதுண்டா, நீதிமன்றம் அபராதம் விதித்ததுண்டா, இப்போது வழக்கு நிலுவையில் உள்ளதா என்று தனித்தனியாகக் கேட்கும். தகவலை மறைத்தால் அதுவே தகுதியிழப்பு என்ற எச்சரிக்கையும் அதிலேயே அச்சாகியிருக்கும்.

ஹெல்மெட் இல்லாததற்கு இ-சலானில் உடனே கட்டிய பணம் பொதுவாக இந்தக் கேள்விகளுக்குள் வராது. குடித்துவிட்டு ஓட்டியது வரும். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் மோட்டார் வாகனச் சட்டம் 185-ஆம் பிரிவு. முதல் முறைக்கே 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். புதுச்சேரியிலிருந்து பாட்டில் கொண்டுவந்து செக்போஸ்ட்டில் பிடிபட்டால் அது மதுவிலக்கு வழக்கு. நண்பனுக்காக வாங்கி வந்தேன் என்பது எஃப்ஐஆரை அழிக்காது.

நான் அதிகம் அஞ்சுவது கோர்ட் வராண்டாவில் கிடைக்கும் ஒரு யோசனையைத்தான்: “ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டிடு தம்பி, இன்னிக்கே முடிஞ்சிடும்.” கவனமின்றி வண்டி ஓட்டிய வழக்கில் (பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 279, இப்போது பாரதிய நியாய சன்ஹிதா 281) அபராதம் 1,000 ரூபாய்க்கு மேல் போகாது. ஆனால் ஒப்புக்கொண்டு கட்டினால் அது தண்டனைத் தீர்ப்பு. அரசு வேலைக்குப் படிக்கிறேன் என்று வக்கீலிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். விபத்து நடந்த இடத்தைவிட்டு ஓடவே ஓடாதீர்கள். அடிபட்டவருக்குச் சிகிச்சை கிடைக்கச் செய்வது சட்டக் கடமை, மனிதக் கடமையும்கூட.

தமிழகக் காவல்துறைக்குப் போகிறவர்களுக்குக் கெடுபிடி இன்னும் அதிகம். சந்தேகத்தின் பலனால் விடுதலையானாலும், புகார்தாரர் பிறழ்சாட்சியானதால் விடுதலையானாலும், வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே பணி விதி கருதுகிறது. 2008-இல் மணிகண்டன் வழக்கில் சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வும் அந்த விதியின் பக்கமே நின்றது. ஆகவே விடுதலை என்ற ஒரு சொல்லோடு திருப்தியடையாமல் தீர்ப்பை முழுவதும் படியுங்கள்.

மத்தியப் பணிகளில் வழிகாட்டி, 2016-இல் உச்ச நீதிமன்றம் அவதார் சிங் வழக்கில் தந்த தீர்ப்பு. சொல்லும் தகவல் உண்மையாக இருக்க வேண்டும். அற்பமான வழக்கை மறைத்திருந்தால் நிர்வாகம் மன்னிக்கலாம். உண்மையைச் சொன்னவரையும் பின்னணி பார்த்து நிராகரிக்கலாம். அதாவது ‘ஆம்’ என்று எழுதினால் வேலை உறுதியில்லை. மறைத்தாலோ, சின்ன கேஸோடு நேர்மைக் குறைவும் சேர்ந்துகொள்கிறது. நான் எழுதச் சொல்வேன், தயங்காமல்.

விண்ணப்பிக்கும் முன்பே எஃப்ஐஆர் நகல், குற்றப்பத்திரிகை, தீர்ப்பின் சான்றிட்ட நகல் மூன்றையும் வாங்கிவிடுங்கள். வழக்கின் நிலையை இ-கோர்ட்ஸ் தளத்தில் பாருங்கள். படிவம் கொடுத்த பிறகு கைதானாலோ தண்டனை வந்தாலோ அதே அலுவலகத்துக்கு உடனே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.