கரண்ட் போனாலும் கணக்குப் போகாது: பழைய டொஸ் கணனிக்குச் சில குறிப்புகள்

கடைக் கணக்கோ, ஏதோவொரு இயந்திரத்தோடு வந்த மென்பொருளோ உங்கள் வீட்டிலோ கடையிலோ இன்னும் டொஸ் கணனியில்தான் ஓடுகிறதா? இந்தக் குறிப்புகள் உங்களுக்குத்தான். இலங்கையில் 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியால மின்வெட்டு. 2025 பெப்ரவரி 9 அன்று பாணந்துறை உப மின்நிலையக் கோளாறால் நாடே இருண்டது. புதுக்குடியிருப்பு போன்ற ஊரில் இருப்பவர் கணனியின் வேகத்தைக் கூட்டுமுன் மின்சாரத்தைத்தான் யோசிக்கவேண்டும்.

1. வன்தட்டில் ஒருமுறை வாசித்ததை நினைவகத்தில் வைத்திருந்து, திரும்பக் கேட்டதும் உடனே எடுத்துத் தருவது ஸ்மார்ட்டிரைவ். ஆணையின் எழுத்துகள்: எஸ், எம், ஏ, ஆர், டி, டி, ஆர், வி (SMARTDRV). கணனி தொடங்கும்போது வாசிக்கும் கொன்ஃபிக் கோப்பில், மேல் நினைவகத்தைக் கையாளும் ஹைமெம் ஏற்றப்பட்டிருந்தால்தான் இது வேலை செய்யும்.

2. இப்படி நினைவகத்தில் வைத்திருக்கும் பதுக்கல் வாசிப்புக்கு நல்லது, எழுதுவதற்கு ஆபத்து. பில் சேமிக்கப்பட்டதாகத் திரை காட்டும், ஆனால் தரவு இன்னும் நினைவகத்திலேயே இருக்கும். தட்டுக்குப் போகச் சில செக்கன் எடுக்கும். அந்த இடைவெளியில் கரண்ட் நின்றால் அந்த பில் மட்டும் போகாது. எந்தக் கோப்பு எங்கே இருக்கிறதென்ற அட்டவணையும் குழம்பி, பழைய கணக்குகளும் திறக்காமல் போகலாம். 1993இல் வந்த எம்.எஸ். டொஸ் 6.0 பற்றி இப்படி முறைப்பாடுகள் எழுந்தன. அதே ஆண்டு வந்த 6.2இல், ஒவ்வோர் ஆணையும் முடிந்து அடுத்ததைத் தட்டச்சிட இடம் வருமுன் தரவைத் தட்டில் எழுதிவிடும்படி மாற்றினார்கள். ஆனால் நாள் முழுக்கத் திறந்தே கிடக்கும் பில் மென்பொருளுக்கு அது போதாது.

3. ஆகவே 6.2 அல்லது 6.22 என்றால் ஸ்மார்ட்டிரைவ் ஆணையோடு சாய்கோடும் எக்ஸும் சேருங்கள். எல்லாத் தட்டிலும் எழுத்துப் பதுக்கல் நிற்கும். முந்திய பதிப்பில் கூட்டல் குறி போடாமல் சி என்று தட்டின் எழுத்தை மட்டும் கொடுங்கள். வாசிப்பு மட்டும் பதுங்கும்.

4. எழுத்துப் பதுக்கல் கட்டாயம் வேண்டுமென்றால், கணனியை அணைக்குமுன் ஸ்மார்ட்டிரைவ் ஆணையோடு சாய்கோடு சி கொடுங்கள். பிறகு முன்பக்கச் சிறு விளக்கு துடிப்பது நிற்கும்வரை பொறுங்கள். ரீசெட் பொத்தானைத் தொடவேண்டாம்.

5. அதே ஆணையோடு சாய்கோடு எஸ் கொடுத்தால், கேட்ட தரவு எத்தனை முறை பதுக்கலில் கிடைத்தது, எத்தனை முறை தட்டுக்குப் போகவேண்டி வந்தது என்று தெரியும். அரை மணித்தியாலம் வேலை செய்தபின் பாருங்கள். கிடைக்காதது அதிகமென்றால் பதுக்கலின் அளவைக் கொஞ்சம் கூட்டுங்கள். 6 எம்.பி.யும் அதற்கு மேலும் நினைவகம் உள்ள கணனியில், அளவு சொல்லாவிட்டால் ஸ்மார்ட்டிரைவ் தானாகவே 2 எம்.பி. எடுத்துக்கொள்ளும்.

6. பதுக்கல் ஓடும்போது கொன்ஃபிக் கோப்பில் பஃபர்ஸ் 10 போதும்.

7. கரண்ட் வந்ததும் கணக்கைத் திறக்காதீர்கள். முதலில் தட்டைச் சோதிக்கும் ஸ்கான்டிஸ்க்கை ஓட்டுங்கள்.

8. ஜிம் ஹோல் 1994இல் தொடங்கிய ஃப்ரீடொஸ் இலவசம், 1.4 பதிப்பு 2025 ஏப்ரலில் வந்தது. அதற்கென எரிக் அவுவர் எழுதிய எல்.பி.ஏ. கேஷ் என்ற பதுக்கல் மென்பொருள் எழுதவேண்டியதை நேரே தட்டுக்கே அனுப்பும். மின்வெட்டு உள்ள ஊருக்கு என் தெரிவு இதுதான். மூல நிரலும் திறந்தே கிடக்கிறது. கணனி படிக்கும் பிள்ளைகள் வாசித்துத் திருத்திப் பார்க்கலாம்.

எதை மாற்றுவதானாலும் முதலில் கணக்குக் கோப்புகளை வேறொரு தட்டில் பிரதி எடுத்து வைத்துவிட்டுத் தொடங்குங்கள்.