தள்ளுவண்டிக்கு ஒரு சோலார் ஃபிரிட்ஜ்

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் ஆலை வாசல்களில் மோரும் ரோஸ் மில்க்கும் விற்கும் தள்ளுவண்டிகள் பெரும்பாலும் ஐஸ் கட்டியை நம்பியே நிற்கின்றன. சித்திரை வெயிலில் ஐஸ் கரைந்துவிட்டால், ஷிப்ட் விடுவதற்குள் பால் திரிந்துவிடும். 12 வோல்ட் கம்ப்ரஸர் ஃபிரிட்ஜ் ஒன்று இந்த நஷ்டத்தைத் தடுக்கும். கூடாரம் போட்டுத் தங்குபவர்களுக்கும் கணக்கு இதுவே. முதலில் கணக்கு, பிறகு கொள்முதல்.

1. ஃபிரிட்ஜின் தினச் செலவு
50 வாட் இழுக்கும் 45 லிட்டர் ஃபிரிட்ஜை எடுத்துக்கொள்வோம். அடிக்கடி மூடி திறக்கும் கடையில், கோடையில் கம்ப்ரஸர் நாளுக்கு 14 மணி நேரம் ஓடும் என்று வையுங்கள். 50 × 14 = 700 வாட் அவர்; அதாவது முக்கால் யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு.

2. இரவுக்கு பேட்டரி
12.8 வோல்ட், 100 ஆம்பியர் அவர் லித்தியம் பாஸ்பேட் பேட்டரியில் 1,280 வாட் அவர் இருக்கும். அதில் 80 சதவீதம் எடுத்தால் சுமார் 1,000. வெயில் இல்லாமலே ஒரு நாள் தாங்கும். லெட் ஆசிட் பேட்டரியில் பாதிதான் எடுக்கலாம், கனமும் அதிகம்.

3. பகலுக்கு பேனல்
நல்ல வெயில் 5 மணி நேரம், சேதாரம் 30 சதவீதம் என்றால் 200 வாட் பேனல் 700 வாட் அவர் தரும். அது செலவுக்கே சரியாகப் போய்விடும். 150 வாட் பேனல் இரண்டை இணையாக மாட்டுங்கள். வண்டிக்குக் கூரையாகவும் ஆகும். ஆனால் வண்டியை மர நிழலில் நிறுத்தக் கூடாது.

பேனல் ஆலை பக்கத்திலேயே இருக்கிறதே என்று நினைக்க வேண்டாம்: பிள்ளைப்பாக்கத்தில் 2024 ஜனவரியில் திறக்கப்பட்ட ஃபர்ஸ்ட் சோலார் ஆலையின் பேனல்கள் பெரிய மின் நிலையங்களுக்கானவை. அவற்றின் வோல்டேஜ் 200-ஐத் தாண்டும். வண்டிக்கு, 12 வோல்ட் பேட்டரிக்கென்று விற்கும் பேனலையே கேளுங்கள்.

4. இணைப்பு
பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவே 30 ஆம்பியர் எம்.பி.பி.டி. சார்ஜ் கன்ட்ரோலரை வைத்து, அதில் லித்தியம் அமைப்பைத் தேர்ந்தெடுங்கள். முதலில் பேட்டரி, பிறகு பேனல். கழற்றும்போது முதலில் பேனல். பேட்டரியின் பிளஸ் முனையை ஒட்டியே ஃபியூஸ். ஃபிரிட்ஜுக்கு 15 ஆம்பியர் போதும். ஒயர் 4 சதுர மில்லிமீட்டர். மெல்லிய ஒயரில் வோல்டேஜ் இறங்கி, பேட்டரியில் சார்ஜ் இருக்கும்போதே ஃபிரிட்ஜ் நின்றுவிடும். இன்வெர்ட்டர் வேண்டாம், மின்சாரம்தான் வீண்.

5. அன்றாடம்
பாலையும் மோரையும் வீட்டு ஃபிரிட்ஜிலேயே குளிரவைத்து எடுத்து வாருங்கள். 4 டிகிரியில் வையுங்கள். பேட்டரிக்குக் காற்றோட்டமான நிழல் வேண்டும். 45 டிகிரிக்கு மேல் சூடானால் சார்ஜ் ஏற்றக் கூடாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் பேனலை மட்டும் நம்பாமல், பேட்டரியை இரவில் வீட்டில் லித்தியம் சார்ஜரில் போடுங்கள்.

6. வெள்ளோட்டம்
முதல் இரண்டு நாள் தண்ணீர் பாட்டில்களை மட்டும் வைத்து ஓட்டுங்கள். விடிகாலையில் பேட்டரியில் 40 சதவீதத்துக்கு மேல் மிச்சம் இருந்தால், மூன்றாம் நாள் துணிந்து பாலை வைக்கலாம்.