கியர்பாக்ஸ் ஆயிலையும் கவனியுங்கள்

நம்மில் பலர் இன்று சொந்த வண்டியில் சரக்கு எடுக்கிறோம். சின்ன யானையோ, ஆம்னி வேனோ, வீட்டுக்கும் கடைக்குமாக ஓடும் காரோ, டீசல் செலவும் இன்ஜின் ஆயில் மாற்றிய தேதியும் நோட்டில் இருக்கும். கியர்பாக்ஸ் ஆயில் எப்போது மாற்றினீர்கள் என்று கேட்டால்தான் பதில் வராது.

இன்ஜின் ஆயிலைப் போல இது எரிந்து குறைவதில்லை. அதனாலேயே யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. குறைந்திருந்தால் எங்கோ ஒழுகுகிறது என்று பொருள். ஊற்றி நிரப்பினால் மட்டும் வேலை முடியாது. ஆயில் சீல், அடி போல்ட்டின் வாஷர் இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். மேலே உள்ள காற்றுப்போக்கி அடைபட்டாலும் உள்ளே அழுத்தம் ஏறிச் சீல் வழியாகக் கசியும்.

கையால் கியர் போடும் பெரும்பாலான வண்டிகளில் அளவு பார்க்கக் கம்பி கிடையாது. பெட்டியின் பக்கவாட்டில் ஒரு போல்ட் இருக்கும். அதைக் கழற்றினால் ஆயில் துளையின் கீழ் விளிம்பைத் தொட்டு நிற்க வேண்டும். வண்டி சமமாக நிற்பது முக்கியம். ஒரு பக்கம் மட்டும் ஜாக்கி போட்டுப் பார்த்த அளவு, தட்டு சாய்ந்த தராசில் நிறுத்த எடைதான்.

மாற்றும்போது கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு, ஆயில் வெதுவெதுப்பாக இருக்கையில் வடிக்க வேண்டும். அதற்கு முன் ஊற்றும் போல்ட் கழல்கிறதா என்று பார்த்துக்கொள்வது அவசியம். நமக்குத் தெரிந்த மளிகைக் கடைக்காரர் ஒருவரின் வண்டியில், அடி போல்ட்டைத் திறந்து முழுவதும் வடித்த பிறகுதான் மேல் போல்ட் இறுகிக் கிடப்பது தெரிந்தது. சாவி போட்டுத் திருகியதில் போல்ட்டின் தலையும் மழுங்கிவிட்டது. தீபாவளி வாரத்தில் வண்டி இரண்டு நாள் பள்ளத்தின் மேலேயே நின்றது. சர்க்கரையும் மைதாவும் வாடகை வண்டியில் வந்தன.

வடித்த ஆயிலையும் பாருங்கள். போல்ட்டில் காந்தம் இருந்தால் மை போன்ற கறுப்புத் தூள் ஒட்டியிருப்பது இயல்பு. இரும்புச் சில்லு இருந்தால் மெக்கானிக்கிடம் காட்டாமல் மூடக் கூடாது. பால் காபி நிறமானால் தண்ணீர் புகுந்திருக்கிறது. சென்னையில் 2015 டிசம்பரில் வந்ததைப் போன்ற வெள்ளத்தில் மூழ்கிய வண்டி என்றால், ஓடுகிறதே என்று விட்டுவிடாமல் இதைச் சோதித்தே ஆக வேண்டும்.

இனி ஆயில் வாங்கும் விஷயம். டப்பாவில் 80டபிள்யூ-90 போன்ற எண்ணுடன் ஜிஎல்-4 அல்லது ஜிஎல்-5 என்றும் போட்டிருக்கும். ஐந்து நான்கைவிடப் பெரியது, ஆகவே உயர்ந்த சரக்கு என்று நினைக்க வேண்டாம். ஜிஎல்-5 பெரும்பாலும் பின் ஆக்சிலில் உள்ள கிரவுனுக்கானது. அதில் கூடுதலாகச் சேர்க்கும் கந்தகச் சரக்கு, கியர்பாக்ஸின் பித்தளை வளையங்களை அரிக்கக்கூடும். கடலை எண்ணெய் கேட்டவருக்கு நாம் விளக்கெண்ணெயைக் கட்டிக் கொடுப்போமா? வண்டியோடு வந்த புத்தகத்தில் ரகம், அளவு, மாற்ற வேண்டிய கிலோமீட்டர் மூன்றும் இருக்கும். பாரம் ஏற்றும் வண்டிக்குச் சீக்கிரம் மாற்றச் சொல்லியிருந்தால் அதுதான் நமக்கான கணக்கு.

ஆட்டோமேட்டிக் வண்டியின் ஆயில் முற்றிலும் வேறு. அதில் கியர் ஆயிலை ஊற்றவே கூடாது.

புது வாஷருக்கு ஆகும் சில ரூபாயில் பேரம் பேசாதீர்கள். வடித்த ஆயிலைச் சாக்கடையில் கொட்டாமல், பழைய ஆயில் சேர்த்து அனுப்பும் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள்.