குடும்ப வழக்கும் வக்கீலும்



விவாகத்தில் மனத்தாங்கல் உண்டானால் முதலில் பங்குச் சுவாமியாரிடம் சொல்லுங்கள். ஆனால் அடி உதைக்கு அஞ்சும் பெண் காத்திருக்க வேண்டியதில்லை. பாதுகாப்பும் ஜீவனாம்சமும் கேட்பது பாவமல்ல.

வக்கீலை அமர்த்துமுன் மூன்று காரியம் விசாரியுங்கள்: கிறிஸ்தவ விவாக வழக்குகளில் பழக்கம் உண்டா? பீஸ் எவ்வளவு? சமாதானத்துக்கு இடங்கொடுப்பாரா? வெற்றுத்தாளில் கையொப்பமிடாதீர்கள், பணத்துக்கு ரசீது வாங்குங்கள்.

கையில் பணமில்லையே என்று கலங்க வேண்டாம். 1987-ம் வருஷத்துச் சட்டப்படி, பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும், வருமானம் எவ்வளவானாலும், இலவச வக்கீல் உண்டு. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனுச் செய்யலாம்.

ஒன்று மறவாதீர்கள். கோர்ட்டுத் தீர்ப்பு தேவதிரவிய அநுமானத்தின் கட்டை அவிழ்க்காது. மேற்றிராசன விவாக மன்றத்தின் தீர்ப்போ, 1996-ல் சுப்ரீம் கோர்ட்டு சொன்னபடி, சர்க்கார் சட்டத்தில் விவாகத்தை ரத்துச் செய்யாது. இரண்டையும் கேட்டறிந்து நடவுங்கள்.